பழைய காரின் பிரேக் டிஸ்க்கில் துரு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

35 வயது தாண்டிய காரைப் பழங்கால வாகனத் திட்டத்தின்கீழ் சிங்கப்பூரில் வைத்திருப்பவர் ஆண்டுக்கு 45 நாள்தான் அதைச் சாலையில் ஓட்டலாம். மீதி 320 நாளும் அது நிற்கிறது. நம் ஊர்க் காற்றில் ஈரப்பதம் ஆண்டுச் சராசரியாக 82 விழுக்காடு. விடியற்காலையில் பல நாள் 90ஐத் தாண்டிவிடும். இரும்பு துருப்பிடிக்க இது போதும். அதனால்தான் டிஸ்க் துருவைப் பற்றி ஒரே கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறோம். டிஸ்க், ரோட்டர் இரண்டும் ஒன்றுதான்: சக்கரத்தோடு சுழலும் இரும்புத் தட்டு. பேட் அதை இருபுறமும் அழுத்தி வண்டியை நிறுத்தும். இங்கே டிஸ்க் என்றே எழுதுகிறோம்.

நேத்து ராத்திரி மழை. காலையில பார்த்தா டிஸ்க் முழுக்க ஆரஞ்சு. கெட்டுப்போச்சா?

இல்லை. டிஸ்க் சாம்பல் வார்ப்பிரும்பால் ஆனது. பேட் உரசும் முகத்தில் எந்தப் பூச்சும் நிற்காது என்பதால் அது வெறும் இரும்பாகவே இருக்கிறது. ஈரம் பட்டால் சில மணி நேரத்தில் நிறம் மாறிவிடும். மஞ்சள் பொடி தூவியதுபோலத் தெரியும் இந்தத் துருவுக்குக் காகிதத் தடிமன்கூடக் கிடையாது. முதல் ஐந்தாறு பிரேக்கில் பேடே அதை வழித்தெடுத்துவிடும்.

அதுவரை கரகரவென்று சத்தம் வரும், பிரேக் சற்று வெடுக்கென்று பிடிக்கும். முன்னால் போகிற வண்டியிடமிருந்து கொஞ்சம் கூடுதலாகத் தள்ளிப் போனால் போதும்.

அப்போ எப்பதான் கவலைப்படணும்?

சக்கரத்தைக் கழற்றி, கைப்பேசி விளக்கை டிஸ்க்குக்குப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். நேராகப் பிடித்தால் எல்லாம் சமமாகத்தான் தெரியும். சாய்த்தால் குழிகளின் நிழல் விழும். பிறகு விரல் நகத்தை மையத்திலிருந்து விளிம்பு நோக்கி மெதுவாக இழுங்கள். நகம் எங்கும் தட்டவில்லை என்றால் அது மேல்துரு. கீழே சொல்லும் எந்த வழியிலும் போய்விடும். நகம் லேசாகத் தடுக்கினால் துரு ஏடாகக் கட்ட ஆரம்பித்திருக்கிறது. உப்புத்தாள் வேலை இருக்கிறது. நகம் குழிக்குள் விழுந்து நின்றால் இரும்பையே துரு தின்றிருக்கிறது. அதைத் தேய்த்துச் சரிசெய்ய முடியாது. லேத்தில் ஏற்ற வேண்டும், அல்லது மாற்ற வேண்டும்.

இன்னொன்றையும் பாருங்கள். பேட் உட்கார்ந்திருந்த இடத்தில் மட்டும் அதே வடிவத்தில் கறுத்த தடம் இருக்கிறதா? மாதக்கணக்கில் நின்ற கார்களில் இது சகஜம். பேடுக்கும் டிஸ்க்குக்கும் இடையில் சிக்கிய ஈரம் காயாமல் கிடப்பதால் அங்கே துரு ஆழமாக இறங்குகிறது. மற்ற இடமெல்லாம் பளபளத்தாலும் இந்த ஒரு தடத்துக்கு நகச் சோதனை கட்டாயம்.

மையத்திலிருந்து விளிம்புவரை ஓடும் விரிசல் கண்ணில் பட்டால் துருவைப் பற்றிய பேச்சே வேண்டாம். அந்த டிஸ்க்கின் வேலை முடிந்துவிட்டது.

ஓட்டினாலே போயிடும்னு சொல்றாங்களே, எப்படி ஓட்டணும்?

மேல்துருவுக்கு இதுதான் முதல் மருந்து. பாதிப் பேருக்கு இதற்கு மேல் எதுவும் தேவைப்படாது. கிளம்புமுன் நின்ற இடத்திலேயே பெடலை மிதித்துப் பாருங்கள். கெட்டியாக நிற்க வேண்டும், மெல்ல மெல்லக் கீழே இறங்கக் கூடாது. இறங்கினால் அது வேறு கோளாறு, காரை எடுக்காதீர்கள்.

ஞாயிறு விடியலில் துவாஸ், லிம் சூ காங் பக்கம் சாலை காலியாக இருக்கும்போது போங்கள். பின்னால் வண்டி இல்லை என்று பார்த்துக்கொண்டு, மணிக்கு 50 கிலோமீட்டரிலிருந்து 20க்கு மிதமான அழுத்தத்தில் குறையுங்கள். பிறகு அரைக் கிலோமீட்டர் பிரேக் தொடாமல் ஓட்டி மறுபடியும். பத்து முறை போதும். மடாரென்று மிதித்தால் துரு சீக்கிரம் போகும் என்று நினைப்பது தவறு: ஏடாகக் கட்டிய துரு உடைந்து பேடுக்குள் பதிந்து, டிஸ்க்கில் கோடு கிழிக்கும். விரைவுச்சாலை இதற்கான இடமே இல்லை.

வீடு திரும்பி ஆறிய பிறகு மறுபடி பாருங்கள். முகம் முழுதும் ஒரே சாம்பல் நிறமாக இருந்தால் வேலை முடிந்தது. உரசும் தடத்தில் வளையமாகத் துரு மிச்சமிருந்தால் அங்கே பேட் சரியாகப் படவில்லை என்று பொருள்.

ரெண்டு மாசமா எடுக்கல. கியர் போட்டா வண்டி நகரவே மாட்டேங்குது!

பேட் டிஸ்க்கோடு துருவால் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அல்லது பின்னால் டிரம் உள்ள கார் என்றால் கைப்பிரேக் ஷூ டிரம்மோடு ஒட்டியிருக்கிறது. இரண்டாவதுதான் அதிகம் நடப்பது.

ஆக்சிலரேட்டரை அழுத்திப் பிய்க்கப் பார்க்காதீர்கள். உராய்வுப் பொருள் இரும்புத் தகட்டிலிருந்து உரிந்து வந்துவிடும். வண்டி நகரும், ஆனால் அடுத்த பிரேக்கில் பாதி பேட்தான் இருக்கும். கைப்பிரேக்கை விடுவித்து, முன்னும் பின்னுமாக இதமாக அசையுங்கள். அசையாவிட்டால் காரை ஸ்டாண்டில் ஏற்றிச் சக்கரத்தைக் கழற்றி, காலிப்பர் (பேடைப் பிடித்து அழுத்தும் பாகம்) உடம்பில் ரப்பர் சுத்தியலால் தட்டுங்கள். டிரம் என்றால் சுற்றுவட்டத்தில் இடம்விட்டு இடம் தட்டுங்கள். டக்கென்று விட்டுவிடும். விட்ட பிறகும் பேடை வெளியே எடுத்து, தகட்டோரத்தில் பிளவு இருக்கிறதா என்று பார்க்காமல் ஓட்ட வேண்டாம்.

டபிள்யூடி-40 அடிச்சுத் துடைச்சா போகாதா?

துரு போகலாம், பிரேக்கும் போகும். எண்ணெய் வார்ப்பிரும்பின் நுண்துளைக்குள் இறங்கும், பேடுக்குள் அதைவிட வேகமாக இறங்கும். எண்ணெய் குடித்த பேடைச் சுட்டுச் சரிசெய்யலாம் என்று சொல்பவர்கள் உண்டு, கேட்காதீர்கள். தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குங்கள்.

கையால தேய்க்கணும்னா என்ன தாள், எப்படி?

80 எண் உப்புத்தாள் இரண்டு, 120 எண் இரண்டு, உள்ளங்கை அளவு தட்டையான மரக்கட்டை ஒன்று, பிரேக் கிளீனர் ஒரு டப்பா, பஞ்சு விடாத துணி. அலுமினியம் ஆக்சைடு தாள் நல்லது. உலர்ந்த துருத்தூள் மூக்குக்குள் போகாமல் முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். பழைய பேட் தூளில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கலாம் என்பதால், முதலில் பிரேக் கிளீனரால் நனைத்துத் துடைத்த பிறகே தேய்க்கத் தொடங்குங்கள். காற்றடித்து ஊதவே கூடாது.

தாளைக் கட்டையில் சுற்றித்தான் பிடிக்க வேண்டும். வெறும் விரலால் தேய்த்தால் விரல் அழுத்தும் இடத்தில் மட்டும் பள்ளம் விழும். சிறு சிறு வட்டமாகத் தேய்த்துக்கொண்டே டிஸ்க்கைத் திருப்பி முழுச் சுற்றும் வாருங்கள். 80இல் துருவின் நிறம் போனதும் 120க்கு மாறி, ஒன்றின்மேல் ஒன்று குறுக்கிடும் மெல்லிய கீறல்கள் முகமெங்கும் ஒரே மாதிரித் தெரியும்வரை தேய்க்க வேண்டும். ஒரு முகத்துக்குப் பத்து நிமிடம் ஆகும். உள்முகத்துக்கும் அதே நேரம் கொடுங்கள். கண்ணுக்குத் தெரியாத பக்கம் என்று பலரும் அதை இரண்டு நிமிடத்தில் முடித்துவிடுகிறார்கள்.

டிஸ்க்கைக் கழற்றித் தேய்த்திருந்தால் கடைசியில் பாத்திரம் கழுவும் சோப்பும் வெந்நீரும் போட்டுக் கழுவுங்கள். பிரேக் கிளீனர் எண்ணெய்ப் பசையை எடுக்கும். கீறல்களுக்குள் இருக்கும் இரும்புத்தூளை எடுப்பது சோப்புநீர்தான். வெள்ளைத் துணியால் துடைத்தால் துணி கறுக்கக் கூடாது. கறுத்தால் மறுபடி கழுவுங்கள். கழுவியதும் முடி உலர்த்தியால் உடனே காய வைக்க வேண்டும். தேநீர் குடித்துவிட்டு வந்து பார்த்தால் மஞ்சள் படர்ந்திருக்கும், நம் ஊர் அப்படி.

கிரைண்டர்ல ஃபிளாப் டிஸ்க் (உப்புத்தாள் துண்டு அடுக்கின தேய்ப்புச் சக்கரம்) போட்டா ரெண்டு நிமிஷ வேலை. ஏன் வேணாங்கறீங்க?

துருவால் கெட்ட டிஸ்க்கைவிட, துருவை எடுக்கப் போய்க் கெட்ட டிஸ்க்தான் அதிகம் பார்க்கக் கிடைக்கிறது. சுற்றுவட்டத்தில் டிஸ்க்கின் தடிமன் 0.02 மில்லிமீட்டர் அளவுக்கு ஏறி இறங்கினாலே பெடல் துடிக்கத் தொடங்கும். தலைமுடியின் தடிமனைவிடவும் குறைவான அளவு அது. கையில் பிடித்த கிரைண்டர் ஒரே இடத்தில் ஒரு நொடி தாமதித்தால் அதைவிட ஆழமாகத் தோண்டிவிடும். கண்ணுக்குப் பளபளப்பாக இருக்கும், ஓட்டினால் ஸ்டியரிங் ஆடும்.

கம்பித் தூரிகையைத் துரப்பணத்தில் மாட்டுவது வேறு கதை. அது இரும்பை வெட்டாது, ஆனால் துருவை அப்படியே மெழுகி மினுக்கிவிடும். டிஸ்க்கின் தொப்பிப் பகுதிக்கும் (நடுவில் மேடாக நிற்கும் பகுதி) வெளி விளிம்புக்கும் அதைப் பயன்படுத்தலாம். பேட் உரசும் முகத்துக்கு வேண்டாம்.

வினிகர்ல ஊறவைக்கலாமா?

டிஸ்க்கைக் காரிலிருந்து தனியே கழற்றிவிட்டால் ஊறவைக்கலாம். காரில் இருக்கும்போதே துணியை நனைத்துச் சுற்றி வைப்பது வேண்டாம்; அமிலம் வழிந்து பேரிங், காலிப்பர் ரப்பர், போல்ட் முலாம் எல்லாவற்றையும் தொடும்.

பேரங்காடியில் கிடைக்கும் 5 விழுக்காட்டு வெள்ளை வினிகர் போதும். 26 சென்டிமீட்டர் டிஸ்க் முழுதும் மூழ்க, சற்றே பெரிய பேசினில் ஐந்தாறு லிட்டர் தேவைப்படும். அதைவிட மலிவு சிட்ரிக் அமிலத் தூள்: ஒரு லிட்டர் வெந்நீருக்கு 50 கிராம். முதலில் எண்ணெய்ப் பசையைக் கழுவிவிட்டுப் போடுங்கள், இல்லாவிட்டால் பசை உள்ள இடத்தில் அமிலம் வேலை செய்யாது. பாதி மூழ்கி பாதி வெளியே நிற்க விட்டால் நீர்மட்டத்தில் கோடாக அரித்துவிடும். இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை எடுத்து நைலான் தூரிகையால் தேய்த்துப் பாருங்கள். மேல்துருவுக்கு ஓர் இரவு தாராளம். துரு போனதும் எடுத்துவிட வேண்டும்.

எடுத்ததும் லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி சமையல் சோடா கலந்த நீரில் ஐந்து நிமிடம் முக்குங்கள். பிறகு வெந்நீர், பிறகு உடனே உலர்த்தல். டிஸ்க்கோடு சேர்த்துக் காலிப்பர் போல்ட், ஸ்பிரிங் கிளிப் எல்லாவற்றையும் அதே பேசினில் போடும் பழக்கம் ஆபத்தானது. உயர்வலு எஃகு அமிலத்தில் ஹைட்ரஜனை உள்ளிழுத்து நொறுங்கும் தன்மை பெறும்; பின்னர் ஒருநாள் இறுக்கும்போதோ ஓடும்போதோ முறியும். வார்ப்பிரும்பு டிஸ்க்குக்கு அந்தக் கவலை இல்லை.

ரெண்டு நாள் வினிகர்ல கிடந்துச்சு. இப்ப டிஸ்க் கறுப்பாயிடுச்சு, தொட்டா கரி மாதிரி ஒட்டுது?

அது கரியேதான். சாம்பல் வார்ப்பிரும்பில் ஏறத்தாழ 3 விழுக்காட்டுக்கு மேல் கார்பன் இருக்கிறது, பெரும்பகுதி மெல்லிய கிராஃபைட் செதில்களாக. துரு தீர்ந்த பிறகும் ஊற விட்டால் அமிலம் இரும்பைக் கரைக்கத் தொடங்கும். கிராஃபைட்டை அதால் கரைக்க முடியாது என்பதால் அது மேலே மிருதுவான படலமாக மிஞ்சிவிடுகிறது.

அந்தப் படலத்தோடு மாட்டினால் பேடில் கரி ஏறி, முதல் சில நாள் பிரேக் வழுக்கும். தூரிகையால் தேய்த்து, முன்பு சொன்னபடி 120 தாளால் கீறி, சோப்புநீரில் கழுவுங்கள். இரண்டு நாள் என்றால் இதோடு தீரும். இரண்டு வாரம் என்றால் தடிமனை அளந்தே ஆக வேண்டும்.

என் டிஸ்க் நடுவில் காற்று போகிற இடைவெளி உள்ள வகை. அதுக்குள்ள இருக்கிற துருவை எப்படி எடுக்கிறது?

உப்புத்தாள் நுழையாத இடம், மின்பகுப்புதான் வழி. பிளாஸ்டிக் வாளியில் லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவை சோடா கரைத்து, டிஸ்க்கை எதிர்முனையிலும் ஒரு சாதா இரும்புத் தகட்டை நேர்முனையிலும் இணைத்து, 12 வோல்ட் பேட்டரி சார்ஜரில் 2 முதல் 5 ஆம்பியர் விட்டால் போதும். முனை மாறினால் டிஸ்க்தான் கரையும், இரண்டு முறை சரிபாருங்கள். இரும்புத் தகடு டிஸ்க்கைத் தொடக் கூடாது. பார்வைக்கோட்டில் உள்ள இடத்தில்தான் வேலை வேகமாக நடக்கும் என்பதால் இரண்டு மணிக்கு ஒருமுறை டிஸ்க்கைத் திருப்பி வையுங்கள்.

எவர்சில்வர் கரண்டியை நேர்முனையாகப் போடாதீர்கள். அதிலுள்ள குரோமியம் நச்சு வடிவில் நீரில் இறங்கும். மின்பகுப்பில் ஹைட்ரஜன் வாயு குமிழ்விடும், தீப்பொறி பட்டால் வெடிக்கும். ஆகவே வீட்டு அறையிலோ வீவக (அரசு அடுக்குமாடி வீட்டு) நடைபாதையிலோ செய்கிற வேலை இல்லை. காற்றோட்டமான ஒர்க்‌ஷாப்பில் செய்யுங்கள், கம்பியைக் கழற்றுமுன் சார்ஜரை அணையுங்கள்.

துரு மாற்றி, சூடு தாங்கும் பெயிண்ட் எல்லாம் பூசலாமா?

தொப்பிப் பகுதி, வெளி விளிம்பு, காற்று இடைவெளி: பூசலாம். பேட் உரசும் முகம், ஹப்பில் (டிஸ்க்கும் சக்கரமும் மாட்டப்படும் நடுப்பாகம்) உட்காரும் முகம், சக்கரம் உட்காரும் முகம்: மூன்றிலும் கூடாது. உரசும் முகத்தில் பூசினால் பேட் அதை வழித்துத் தன்மேல் பூசிக்கொள்ளும். மற்ற இரண்டில் பூசினால் என்ன ஆகும் என்பதைச் சற்றுக் கீழே ஸ்டியரிங் நடுக்கம் பற்றிய கேள்வியில் பாருங்கள்.

ரெண்டு ஸ்குரூ கழட்டினா டிஸ்க் வந்துடும்னு பார்த்தேன். என் காரில் வரவே மாட்டேங்குது?

அது புதிய கார்களின் வழக்கம். பழைய கார்களில் டிஸ்க் பெரும்பாலும் ஹப்பின் பின்பக்கம் போல்ட் போட்டு மாட்டப்பட்டிருக்கும். எம்ஜிபி, மெர்சிடிஸ் டபிள்யூ123 இரண்டின் முன் டிஸ்க்குகளும் அப்படித்தான். ஹப்பையே உருவினால்தான் டிஸ்க் வரும். கிரீஸ் மூடி, காட்டர் பின் (இருந்தால்), நட்டு, வெளிப் பேரிங் என்று வரிசையாகக் கழற்ற வேண்டும். திரும்ப மாட்டும்போது காட்டர் பின் புதிதாக இருக்க வேண்டும், பேரிங் இடைவெளியைக் காரின் கையேட்டில் சொன்ன அளவுக்கு வைக்க வேண்டும். ஹப்போடு அமிலத்தில் முக்கினால் பேரிங் வளையங்கள் பாழ். முதல்முறை என்றால் அனுபவமுள்ள ஃபோர்மனைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜாகுவார் ஈ-டைப்பின் பின் டிஸ்க்குகள் சக்கரத்தில் இல்லை, டிஃப்பரென்ஷியலை ஒட்டி உள்ளே இருக்கின்றன. சிட்ரன் டிஎஸ்ஸின் முன் டிஸ்க்குகளும் அப்படி, கியர்பாக்ஸ் பக்கம். அவற்றுக்கு ஹாயிஸ்ட் உள்ள இடம் தேவை. எந்தக் கார் ஆனாலும் காலிப்பரைக் கழற்றியதும் பிரேக் ஹோஸில் தொங்கவிடாதீர்கள், கம்பி கட்டி மாட்டுங்கள். முப்பது நாற்பது வருட ரப்பர் அது.

போல்ட் இறுகிப்போச்சு. பிரேக் கிளீனர் அடிச்சுட்டு டார்ச்ல சூடு பண்ணலாமா?

கூடவே கூடாது. பிரேக் கிளீனரில் இரண்டு வகை. குளோரின் கலந்தது தீப்பிடிக்காது, ஆனால் சுட்ட இரும்பிலோ வெல்டிங் பொறியிலோ பட்டால் ஃபாஸ்ஜீன் உள்ளிட்ட நச்சு வாயுக்களாகச் சிதையும். ஃபாஸ்ஜீன் முதல் உலகப் போரில் ஆயுதமாகப் பயன்பட்ட வாயு. குளோரின் இல்லாத வகை அப்படியே பற்றிக்கொள்ளும். எந்த டப்பா ஆனாலும் நெருப்போடு சேராது.

ஊடுருவும் எண்ணெயை முதல்நாள் இரவே போல்டில் மட்டும் விட்டு, உரசும் முகத்தைப் பிளாஸ்டிக் உறையால் மூடி வையுங்கள். மறுநாள் சரியான அளவு ஆறுமுனை சாக்கெட்டும் நீளக் கைப்பிடியும் போட்டு இறுக்கும் திசையில் இம்மியளவு அசைத்த பிறகு தளர்த்துங்கள். சூடு தேவைப்படும் நிலை வந்தால் ஒர்க்‌ஷாப்பில் விட்டுவிடுங்கள்.

துரு எல்லாம் எடுத்து, புது பேடும் போட்டாச்சு. ஆனா 80 தாண்டினா ஸ்டியரிங் நடுங்குது?

ஹப் முகத்தைச் சுத்தம் செய்திருக்க மாட்டீர்கள். பத்தில் ஏழெட்டு முறை இதுதான். ஹப் முகம் 140 மில்லிமீட்டர் விட்டம், டிஸ்க் 260 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹப்பின் ஓர் ஓரத்தில் 0.05 மில்லிமீட்டர் துருச் செதில் சிக்கினால், டிஸ்க் சாய்ந்து உட்கார்ந்து, அதன் விளிம்பில் அந்த ஆட்டம் 0.09 ஆகப் பெருகிவிடும். பல கார்களுக்கு அனுமதி அளவே 0.1தான். துரு மாற்றியையும் பெயிண்டையும் அந்த முகத்தில் பூச வேண்டாம் என்றதும் இதனால்தான்.

ஹப் முகத்தைக் கம்பித் தூரிகையால் வெறும் இரும்பு தெரியும்வரை சுத்தம் செய்யுங்கள். ஸ்டட் அடிவாரத்தைச் சுற்றியுள்ள வளையத்தில்தான் துரு ஒளிந்திருக்கும். டிஸ்க்கை மாட்டி இறுக்கி, டயல் கேஜை (நுண்ணிய ஆட்டத்தைக் காட்டும் அளவுமானி) விளிம்பிலிருந்து 10 மில்லிமீட்டர் உள்ளே வைத்து ஒரு முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள். அதற்கு முன் பேரிங் ஆட்டம் இல்லை என்று உறுதிசெய்யாவிட்டால் அளவு பொய் சொல்லும். ஆட்டம் அதிகம் என்றால் டிஸ்க்கை ஒரு போல்ட் துளை தள்ளி மாட்டி மறுபடி அளங்கள்; சில சமயம் அதிலேயே சரியாகும். சக்கர நட்டுகளை எதிரெதிராக, டார்க் ஸ்பேனரால் ஒரே அளவுக்கு இறுக்குங்கள். காற்றுத் துப்பாக்கியால் ஆளுக்கொரு விதமாக இறுக்கினாலும் டிஸ்க் நெளியும்.

வெளிப்பக்கம் பளபளன்னு இருக்கு, உள்பக்கம் மட்டும் துரு. ஏன்?

உள்பக்க பேட் அழுத்தவில்லை. இது துரு எடுக்கும் வேலை இல்லை, காலிப்பர் வேலை. இருபக்கமும் பிஸ்டன் உள்ள பழைய காலிப்பர்களில் ஒரு பிஸ்டன் துருப்பிடித்து இறுகியிருக்கும். நழுவும் காலிப்பரில் பின் இறுகியிருக்கும். உள்முகத்தைத் தேய்த்துப் பளபளப்பாக்கினாலும் அடுத்த வாரம் இதே கதைதான். அதற்குள் பிரேக் பாதி வலுவில் ஓடிக்கொண்டிருக்கும், கார் ஒரு பக்கம் இழுக்கும்.

மூலகாரணம் பெரும்பாலும் பழைய பிரேக் திரவம். டாட் 3, டாட் 4 இரண்டும் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். உறிஞ்சிய ஈரம் பிஸ்டனை உள்ளிருந்தே அரிக்கும். ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். காலிப்பரைப் பிரித்துச் சீல் மாற்றும்போது பிஸ்டனின் குரோம் பூச்சில் குழி இருந்தால் பிஸ்டனையும் மாற்ற வேண்டும். உப்புத்தாளால் தேய்த்துப் போட்டால் புதுச் சீலைக் கிழித்துவிடும்.

ஸ்கிம்மிங் போதுமா, புதுசு வாங்கணுமா?

தொப்பியிலோ விளிம்பிலோ குறைந்தபட்சத் தடிமன் பொறிக்கப்பட்டிருக்கும். பழைய டிஸ்க்குகளில் அது இல்லாவிட்டால் கையேட்டைப் பாருங்கள். மைக்ரோமீட்டரால் விளிம்பிலிருந்து ஒன்றேகால் சென்டிமீட்டர் உள்ளே, சுற்றிலும் எட்டு இடத்தில் அளங்கள். வெர்னியர் இங்கே ஏமாற்றும். அதன் தாடை, பேட் படாத வெளி விளிம்பில் நிற்கும் துரு மேட்டின்மேல் உட்கார்ந்து, தேய்ந்த டிஸ்க்கைப் புதிதுபோலக் காட்டும்.

குழியின் ஆழத்தை இருமுகத்திலிருந்தும் கழித்தாலும் குறைந்தபட்சத்துக்கு மேலேயே நிற்கும் என்றால் ஸ்கிம்மிங், அதாவது லேத்தில் முகத்தை மெல்லியதாகச் சீவுவது, போதும். சின் மிங், காக்கி புக்கிட், உபி பக்கம் செய்து தருகிறார்கள். இடது வலது இரண்டையும் ஒன்றாகக் கொடுங்கள். ‘குழி போகும்வரை எடுங்க’ என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள், நிறுத்த வேண்டிய அளவை எண்ணில் எழுதிக் கொடுங்கள். கிடைக்காத டிஸ்க் என்பதற்காகக் குறைந்தபட்சத்துக்குக் கீழே போகும் சபலம் வரும். மெலிந்த டிஸ்க் சூட்டைத் தாங்காது, பிஸ்டனும் அளவுக்கு மீறி வெளியே வரும்.

பழைய பேடையே திரும்பப் போடலாமா?

எண்ணெய் குடிக்காமல், விரிசல் இல்லாமல், தடிமன் இருந்தால் போடலாம். கண்ணாடிப் பலகைமேல் 80 தாளை வைத்து, கிளீனரால் நனைத்த பேடை எட்டு வடிவத்தில் இழுத்து, பதிந்த துருத்துகளை எடுத்துவிடுங்கள். அந்தக் காலத்துப் பெட்டியில் கிடைத்த பேட் என்றால் தேய்க்காதீர்கள். கல்நார் இருக்கலாம், மாற்றிவிடுங்கள்.

பேட் போடப் பிஸ்டனை உள்ளே தள்ளும்போது மேலே தொட்டியில் திரவம் பொங்கி வழியும், பெயிண்டைத் தின்னும். முன்கூட்டியே கொஞ்சம் உறிஞ்சி எடுங்கள். வேலை முடிந்ததும் பெடல் கெட்டியாகும்வரை மிதித்த பிறகே இன்ஜினைக் கிளப்புங்கள். தள்ளிய பிஸ்டன் திரும்ப வரும்வரை முதல் இரண்டு மூன்று மிதிக்குப் பிரேக்கே இருக்காது. பிறகு, மேலே சொன்ன 50-20 ஓட்டம். இந்த முறை அது புதுப்பரப்புகளைப் பழக்குவதற்கு. நடுவில் எங்கும் முழுதாக நிறுத்திப் பெடலை மிதித்தபடி நிற்காதீர்கள், சூட்டில் பேடின் அச்சு டிஸ்க்கில் பதியும்.

இதையெல்லாம் புளோக் கீழே கார் நிறுத்துமிடத்துலயே செய்யலாமா?

பார்க்கலாம், நகச் சோதனை செய்யலாம். பிரித்துப் பழுதுபார்க்க அனுமதி இல்லை, சரிந்த தரையில் ஜாக்கி வைப்பதும் நல்லதில்லை. இடம் உள்ள நண்பரின் ஒர்க்‌ஷாப்பைக் கேளுங்கள்.

துருக் கலந்த வினிகரையோ கிளீனரையோ சாலையோரக் கால்வாயில் ஊற்றாதீர்கள். சிங்கப்பூர் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு நீர்ப்பிடிப்புப் பகுதி. அந்தக் கால்வாய் போய்ச் சேர்வது நாம் குடிக்கும் நீர்த்தேக்கத்துக்கு. சோடாவால் அமிலத்தைப் போக்கிய வினிகரை வீட்டுத் தொட்டியில் ஊற்றலாம். பிரேக் திரவம், கிளீனர், முலாம் பூசிய பாகம் ஊறிய நீர் ஆகியவற்றை டப்பாவில் அடைத்துக் கழிவெண்ணெய் சேகரிக்கும் ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள்.

மோட்டார்சைக்கிள் டிஸ்க் மழையில நின்னாலும் துரு பிடிக்கல. காருக்கும் அப்படி ஒண்ணு போட்டா என்ன?

அது துருப்பிடிக்கா எஃகு. வார்ப்பிரும்பைவிடப் பாதியளவுதான் சூட்டைக் கடத்தும். இருநூறு கிலோ வண்டிக்குச் சரி. ஒரு டன் காரை நிறுத்தும் சூட்டை அதால் வேகமாகப் பரப்ப முடியாது, நெளிந்துவிடும். காருக்குக் கிடைப்பது துத்தநாக-அலுமினியச் செதில் பூச்சுப் பூசிய வார்ப்பிரும்பு டிஸ்க். உரசும் முகத்தில் அந்தப் பூச்சு முதல் சில கிலோமீட்டரில் போய்விடும். தொப்பியும் விளிம்பும் வருடக்கணக்கில் சுத்தமாக இருக்கும். மாற்றுவதாக இருந்தால் அதை வாங்குங்கள்.

கழுவின அன்னைக்கே துரு வருது. தவிர்க்க முடியாதா?

கழுவியதும் நேராக மூடிவைப்பதுதான் காரணம். புளோக்கைச் சுற்றி இரண்டு சுற்று ஓட்டி ஏழெட்டு முறை இதமாகப் பிரேக் பிடித்தால் டிஸ்க் சூடாகி ஈரம் பறந்துவிடும். ஓட்டும் நாளை வீணாக்க மனமில்லாதவர்கள், கழுவுவதையே வெளியே போகும் நாளின் காலையில் வைத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் உறை ஈரத்தைப் பூட்டிவைக்கும், காற்றுப் புகும் துணி உறை போடுங்கள்.

ஆறு மாசம் எடுக்கப் போறதில்ல. டிஸ்க்கில எண்ணெய் பூசி வைக்கலாமா?

காரில் மாட்டிய டிஸ்க்கில் வேண்டாம். தனியாக வைத்திருக்கும் உதிரி டிஸ்க்கில் பூசி, துரு தடுக்கும் காகிதத்தில் சுற்றி, படுக்கை வசத்தில் வையுங்கள். மாட்டுமுன் கிளீனர், பிறகு சோப்புநீர்.

காரைப் பொறுத்தவரை, காய்ந்த நாளில் ஓட்டி, டிஸ்க் ஆறிய பிறகு சமதரையில் நிறுத்துங்கள். கைப்பிரேக் போடாமல் கியரில் விட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் மரக்கட்டை வையுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சக்கரம் கால்வாசிச் சுற்று உருளும்படி காரைக் கையால் தள்ளி, பேட் உட்காரும் இடத்தை மாற்றுங்கள். சாலைக்கு வராமல் நிறுத்தும் கட்டத்துக்குள்ளேயே இதைச் செய்ய முடியும். ‘கைப்பிரேக் இல்லை, கட்டை இருக்கிறது’ என்று எழுதி ஸ்டியரிங்கில் கட்டிவிடுங்கள். ஆறு மாதம் கழித்துச் சாவியை எடுப்பது நீங்களாக இல்லாமலும் போகலாம்.